ஒரு ஊருக்கு ஒரே தாய்மொழிதானா? திருத்தணி, பள்ளிப்பட்டு: ஒரு எல்லைக் கணக்கு

பின்லாந்தில் ஒரு உள்ளாட்சியை "இருமொழி உள்ளாட்சி" என்று அறிவிக்க சட்டத்திலேயே ஒரு கணக்கு இருக்கு. ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டில் எது அந்த ஊரில் சிறுபான்மையோ, அதைப் பேசுறவங்க 8 சதவீதம் இருக்கணும், இல்லைன்னா 3,000 பேராவது இருக்கணும். பத்து வருஷத்துக்கு ஒரு முறை பட்டியலைத் திரும்பப் போடுவாங்க. பட்டியலில் இருக்கிற ஊரில் நகராட்சி இரண்டு மொழியிலும் வேலை செய்யணும்.

நம்ம பக்கம் இப்படி ஒரு ஊரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது திருத்தணியும் அதற்கு மேற்கே இருக்கிற பள்ளிப்பட்டு பேரூராட்சியும்தான். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே வீட்டில் புழங்குகிற பகுதி. இங்கே மக்கள்தொகைக் கணக்கு ஒரு புள்ளிவிவரமாக மட்டும் இருக்கல. மாநில எல்லையையே அதை வைத்துத்தான் போட்டாங்க.

நகராமலே இடம் மாறிய ஊர்

முதலில் கொஞ்சம் வரலாறு. திருத்தணி கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். ஆட்சி செய்தவர்கள் தெலுங்கர்கள், மலை மேல் இருப்பது முருகன். பிரிட்டிஷ் காலத்தில் இது வட ஆற்காடு மாவட்டம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்ததும் சித்தூரோடு சேர்ந்து ஆந்திராவுக்குப் போனது. 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் இருந்து திருவள்ளூர் மாவட்டம்.

இதை ஒரு மனிதரை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் திருத்தணியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். 1960-ல் அவர் குடியரசுத் துணைத் தலைவராக இருந்தபோது அவர் பிறந்த ஊர் மாநிலம் மாறியது. அவர் தமிழரா, தெலுங்கரா என்று இன்னைக்கும் சிலர் சண்டை போடுறாங்க. கேள்வியே ஒரு பதிலைத்தான் ஏத்துக்கும் என்பதால் வரும் சண்டை அது.

கிராமம்தான் அலகு

1953-ல் சித்தூர் மாவட்டம் முழுசாக ஆந்திராவுக்குப் போனதை எதிர்த்து ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியது. திருத்தணி கே. விநாயகம், தமிழாசிரியர் மங்கலங்கிழார் போன்றவர்கள் களத்தில் நின்றார்கள். கடைசியில் இரண்டு மாநிலங்களும் ஹெச்.வி. படாஸ்கரை நடுவராக ஏற்றுக்கொண்டன. அவருடைய சூத்திரத்தில் மூன்று விதிகள்:

1. பிரிக்க வேண்டிய அலகு கிராமம். தாலுகாவோ மாவட்டமோ இல்லை.
2. அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர்கள் அதிகம் என்பதை 1951 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு பார்க்கணும்.
3. அந்த மாநிலத்தோடு நிலத் தொடர்ச்சி இருக்கணும். நடுவில் தீவு மாதிரி விடக்கூடாது.

எங்களைப் போல மென்பொருள் எழுதுறவங்களுக்கு இது பழக்கமான நிரல்தான். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு விடை: தமிழ் அல்லது தெலுங்கு. சும்மா ஒரு உதாரணத்துக்கு 1,000 பேர் உள்ள கிராமம் ஒன்றை எடுத்துக்குங்க. 520 பேர் தெலுங்கு, 480 பேர் தமிழ் என்றால் அது "தெலுங்கு கிராமம்". அந்த 480 பேர் விடையில் மறைஞ்சு போவாங்க. சுற்றிலும் தமிழ்க் கிராமங்களாக இருந்துவிட்டால் மூன்றாவது விதி வேலை செய்யும். அப்போ மறைவது 520 பேர்.

இப்படித்தான் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் தெற்கே வந்தன. பதிலுக்குத் திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களின் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போய், சத்தியவேடு தாலுகா ஆயின. நகரி, புத்தூர், சித்தூர் எல்லாம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. அங்கே இன்னைக்கும் தமிழ் பேசுறவங்க நிறைய. எல்லையின் இரண்டு பக்கமும் மிச்சம் இருக்கிறது.

மாவட்ட அளவில் வெட்டியதை விட இது எவ்வளவோ நியாயமான முறை, சந்தேகமே இல்லை. ஆனால் எந்த அளவுக்குச் சின்னதாக நறுக்கினாலும் கலந்திருப்பது கலந்துதான் இருக்கும். வீட்டுக்குள்ளே கோடு போட முடியாதே.

ஒரே ஒரு கட்டம்

இப்போ கணக்கெடுப்புப் படிவத்துக்கு வருவோம். தாய்மொழி என்ற கட்டத்தில் ஒரே ஒரு மொழிதான் எழுத முடியும். குழந்தைப் பருவத்தில் அம்மா உங்ககிட்ட பேசின மொழி எதுவோ அதுதான் தாய்மொழி என்பது அதிகாரப்பூர்வ விளக்கம். அதற்குப் பிறகு, தெரிந்த வேறு மொழிகள் இரண்டு வரை எழுதலாம்.

கடலூர், விழுப்புரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. வீட்டில் பாட்டியோடு தெலுங்கு, தெருவில் தமிழ், கல்யாணப் பத்திரிகை தமிழில் என்று இருக்கும் குடும்பங்கள் எங்க மேல்பட்டாம்பாக்கம் பக்கத்திலும் உண்டு. தெலுங்கில் பேசுவாங்க, எழுத்து தெரியாது. இவங்க அந்தக் கட்டத்தில் என்ன சொல்வாங்க? கேட்கிறவர் யார், அன்னைக்கு நிலைமை என்ன, பதில் சொல்வது தாத்தாவா பேரனா என்பதைப் பொறுத்து மாறும்.

தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் எண்ணிக்கையைப் பாருங்க:

1991: சுமார் 40 லட்சம் (7.1 சதவீதம்)
2001: சுமார் 35 லட்சம் (5.65 சதவீதம்)
2011: சுமார் 42 லட்சம் (5.87 சதவீதம்)

பத்து வருஷத்தில் ஐந்து லட்சம் குறைந்து, அடுத்த பத்து வருஷத்தில் ஏழு லட்சம் கூடியிருக்கு. பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு இதையெல்லாம் வைத்து இந்த ஏற்ற இறக்கத்தை விளக்குவது கஷ்டம். ஆட்களை விட பதில்தான் அதிகம் மாறியிருக்கணும் என்பது என் கணிப்பு.

அதனால என்ன?

இந்த எண்ணை நம்பித்தான் உரிமைகள் இருக்கு. ஒரு நகராட்சியிலோ தாலுகாவிலோ மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 சதவீதம் இருந்தால் முக்கியமான அரசு அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிடணும் என்று 1956-ல் மத்திய அரசின் குறிப்பாணை சொல்கிறது. பின்லாந்து கணக்குக்கு நம்ம ஊர்ப் பதில் இது. அதே வருஷம் வந்த அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. பள்ளியில் 40 பேர் அல்லது வகுப்பில் 10 பேர் இருந்தால் அந்த மொழியில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டும் என்பது 1949-லேயே கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒப்புக்கொண்ட அளவு.

2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்கு கேட்டு நீதிமன்றம் போயின. தமிழ் படிக்கணும் என்பதும் நியாயம், தாய்மொழியை விடக்கூடாது என்பதும் நியாயம். எல்லைப்புறக் குழந்தைக்கு இரண்டும் வேணும். படாஸ்கர் விதியில் "இரண்டும்" என்ற விடைக்கு இடம் இல்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் கொஞ்சம் இருக்கு.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கு. தாய்மொழிக் கட்டத்தோடு பல வீடுகளில் நிறுத்திக்குவாங்க. அடுத்து வரும் "வேறு தெரிந்த மொழிகள்" கேள்விக்கும் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லுங்க. பாட்டிக்கு ஒரு பதில், பேத்திக்கு வேற பதில் வந்தாலும் பரவாயில்லை, அதுதான் உண்மை. பள்ளிப்பட்டு மாதிரி ஊர்கள் நிஜமாக எப்படி இருக்கு என்பது தெரியப்போவது அந்தக் கட்டங்களில் இருந்துதான்.