வெப்பம் மறிக்கும் பாசறைச் சுவர்



மாத்தளை நகரிலே மக்டொவல் கோட்டையின் வாயிலும் மதிலின் சிறு பகுதியும் இன்றும் நிற்கின்றன. 1803ஆம் ஆண்டு கண்டிமீது படையெடுத்த ஆங்கிலேயர் அதனை அமைத்துத் தம் தளபதி ஹே மக்டொவலின் பெயரைச் சூட்டினர்; அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினர். அப்போரிலே கண்டியில் தங்கிய படையைக் காய்ச்சல் பெரிதும் அழித்தது. பகைவனை மறிக்கும் சுவர், உள்ளே உறங்குவோனின் உடல்நலத்தையும் பேணுதல் வேண்டும் என்பது படைக் கட்டடக் கலையின் பழைய சிக்கல்.

அதற்கு இக்காலத்தார் கண்ட வழிகளுள் ஒன்றை இன்று விளக்க முற்படுகின்றேன். கொங்கிரீற்றுச் சுவர் எழுப்புவோர் பலகை அடைத்து, கலவை இறுகியபின் பலகையைக் கழற்றுவது வழக்கம். இப்புதிய முறையிலோ அடைப்பு கழற்றப்படுவதேயில்லை. கடைகளிலே ரெஜிபோம் என வழங்கும் வெண்ணுரைப் பலகைகள் இரண்டை இடைவெளிவிட்டு நிறுத்தி, நடுவே கம்பி கட்டிக் கொங்கிரீற்றை வார்ப்பர். 1960களில் கனடா நாட்டு வெர்னர் கிரெகொரி என்பார் இதனை உருவாக்கினார். கற்சுவர் வெயிலை உறிஞ்சி, இரவிலே உள்ளே கக்கும். நுரைப்பலகையோ வெப்பத்தின் வழியையே மறிக்கின்றது.

அமெரிக்கப் படைத்துறை சில பாசறைகளை இவ்வாறு கட்டியுள்ளது. 2003இல் குவாண்டிகோ தளத்திலே இத்தகைய சுவர்களின் அருகே வெடிமருந்தை வெடிக்கச்செய்து சோதித்தனர். சுவர்கள் இடிந்து வீழவில்லை. குளிரூட்டும் செலவு குறைவதும் படைக்குப் பெரும் பயன். தொலைவிலுள்ள முகாமுக்கு மின்பொறி எண்ணெய் கொண்டுசெல்வது ஆபத்தான பணியன்றோ?

எனினும் மாத்தளைக்கு இதனை அப்படியே கொணர்தல் அறிவுடைமையாகாது என்பது என் கருத்து. பன்னலைத் திறந்துவைத்து வாழும் கட்டடத்திலே வெப்பம் காற்றோடு உட்புகும். சுவர் என் செய்யும்? இங்கே முதற் பகை கூரை. தகரத்தின்கீழ் நண்பகற் பாடம் நடத்திய ஆசிரியர் எவரும் இதனை அறிவர். கூரைக்கு அடியிலே காப்பிடுதலும், நீண்ட தாழ்வாரமும், காற்றோட்டமும் படைவீரர் விடுதிக்கு முதலில் வேண்டுவன. ஆனால் தம்புள்ளைப் பக்கத்து வெப்பச் சமவெளியிலே மருந்துக் களஞ்சியம், சத்திரசிகிச்சைக் கூடம் போன்ற, எப்பொழுதும் மூடிக் குளிரூட்டப்படும் அறைகளுக்கு இம்முறை மிகப் பொருந்தும்.

சீமெந்து உற்பத்தி வெளிவிடும் கரியமிலவாயுவையும் கணக்கிடல் வேண்டும். பல ஆண்டுகள் குளிரூட்டிச் சேமிக்கும் மின்சாரமே அக்கடனை ஈடுசெய்யும். உட்புறத்திலே தீயைத் தாங்கும் பூச்சு இன்றியமையாதது, நுரைப்பலகை எரிந்து நச்சுப்புகை கக்குமாதலால். மண்ணைத் தொடும் இடத்திலே கறையான் அதனைத் துளைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் மேலேறும். ஆகவே அடித்தளத்துக்கு மேல் ஓரடியேனும் பலகையின்றி வெறும் கொங்கிரீற்றாக விட்டு, ஆண்டுதோறும் பார்வையிடுதல் நன்று.