துரு பிடித்த நஞ்சு

புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் இறால் உரித்த வீட்டில் மிஞ்சுவது ஒரு குவியல் ஓடு. கரையில் கிடக்கும் பழைய நங்கூரத்தில் உதிர்வது துரு. இரண்டையும் பக்குவமாகச் சேர்த்தால், தண்ணீரில் கரைந்த ஆர்செனிக் என்ற கொடிய நஞ்சைப் பிடித்துவிடலாம். இந்த வித்தையில் பாதியைப் பிரான்சில் ஓர் ஓடை தானாகவே செய்துகொண்டிருக்கிறது.

தென்பிரான்சின் கார்னூலெஸ் என்ற இடத்தில் ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்கம் 1962இல் மூடப்பட்டது. ஆட்கள் போய்விட்டார்கள்; சுமார் 15 லட்சம் டன் கழிவு அங்கேயே தங்கிவிட்டது. அதில் பைரைட் இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்போல மின்னும் கனிமம் அது. ஆர்செனிக்கும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. மண்ணுக்கடியில் இருந்தவரை வம்பில்லை. காற்றும் மழையும் பட்டதும் கந்தகம் அமிலமாகிறது. இரும்பும் ஆர்செனிக்கும் கரைந்து வழிகின்றன. இதற்கு அமிலச் சுரங்க வடிநீர் என்று பெயர்.

காற்றை மட்டும் நம்பியிருந்தால் இது ஆமை வேகத்தில்தான் நடக்கும். இரும்பிலிருந்தே பிழைப்புக்கான ஆற்றலைப் பெறும் பாக்டீரியாக்கள் இதில் முக்கியமான ஒரு கட்டத்தைப் பத்து லட்சம் மடங்கு வரை விரைவுபடுத்துகின்றன. ஓராண்டு வேலை அரை நிமிடத்தில் முடிகிற கணக்கு!

அந்தக் கழிவுமேட்டின் அடியில் ஊறுவது ரெகூஸ் ஓடை. அதில் லிட்டருக்கு 350 மில்லிகிராம் வரை ஆர்செனிக் அளந்திருக்கிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு 0.01 மில்லிகிராம். அந்த நீரில் ஒரு லிட்டரைக் குடிக்கும் அளவுக்கு நீர்க்கச் செய்ய, 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று வேண்டும்.

ஆச்சரியம் இனிமேல்தான். ஓடை முதல் 30 மீட்டரைக் கடப்பதற்குள் கரைந்த ஆர்செனிக்கில் 20 முதல் 60 சதவீதம் நீரைவிட்டு இறங்கிவிடுகிறது. கரைந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகி அடியில் படிகிறது. படியும்போது ஆர்செனிக்கையும் இழுத்துக்கொள்கிறது. ஆர்செனிக்கின் ஒரு வடிவம் மின்னூட்டம் இல்லாமல் நழுவப் பார்க்கும். தையோமோனாஸ் என்ற பாக்டீரியா அதை மின்னூட்டமுள்ள இன்னொரு வடிவமாக மாற்றித் துருவின் கையில் ஒப்படைக்கிறது. விஷத்தை வெளியே விட்டதும் நுண்ணுயிர், பிடித்துக் கொடுப்பதும் நுண்ணுயிர்.

இந்தப் பிடி நிரந்தரமல்ல. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் துரு மறுபடி கரையும், பிடித்ததை விட்டுவிடும். அருகில் சுரங்கம் எதுவும் இல்லாத மேற்கு வங்கத்துக் கிணறுகளில் ஆர்செனிக் வந்தது இப்படித்தான். இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த துரு, வண்டலுக்கடியில் கரைந்து நஞ்சைக் கக்கியது.

அந்தத் தண்ணீரை வடிகட்டவும் துருவே கைகொடுக்கும்; நம் இறால் ஓடு வருவது இங்கேதான். புதிதாகப் பிறந்த துருத்துகள் மிக நுண்ணியது. ஒரு கிராமின் பரப்பை விரித்தால் 2,000 சதுர அடிக்குக் குறையாது. ஆனால் நாளடைவில் துகள்கள் இறுகிப் படிகமாகி வீரியம் குறையும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைக் கூண்டாக்கி, துருவை அதற்குள் இளமையாகவே நிறுத்திவைத்தது. அம்ரித் என்ற அந்த வடிகட்டி இன்று ஆர்செனிக் பாதித்த ஊர்களில் குடிநீர் தருகிறது.

ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரை ஒருமுறையாவது பரிசோதனைக்குக் கொடுங்கள்.