சின்னப் பள்ளிக்கூடங்களை மறந்துவிட்டோமா?

புலம்பெயர் நாடுகளில் ஆண்டுதோறும் பழைய மாணவர் ஒன்றுகூடல்கள் நடக்கின்றன. இராப்போசனம், இசை நிகழ்ச்சி, அதிர்ஷ்டலாபச் சீட்டு என்று நிதியும் சேர்கிறது. அந்த நிதி பெரும்பாலும் நாம் உயர்தரம் படித்த பெரிய கல்லூரிகளுக்கே போய்ச் சேர்கிறது. ஆனால் நம்மில் பலர் 'அ' எழுதப் பழகியது ஊர் ஒழுங்கையில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில்தான். ஐந்தாம் வகுப்போடு வெளியேறிவிட்டதால் அதை நமது பள்ளி என்று சொல்லும் பழக்கம் நமக்கு வரவில்லை. அதற்கென்று ஒரு பழைய மாணவர் சங்கமும் அநேகமாக இல்லை.

இந்தப் பள்ளிகளில் பல ஊரவர்களின் முயற்சியால் எழுந்தவை. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னர் சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்கள் தோறும் பாடசாலைகளை நடத்தியது. காணி கொடுத்தவர்களும் கிடுகு வேய்ந்தவர்களும் கிணறு வெட்டியவர்களும் அந்தந்த ஊர்க்காரரே. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. அத்துடன் "இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்ற எண்ணமும் வந்துவிட்டது.

அரசாங்கம் ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் சீருடையும் தருகிறது. ஆனால் போரும் இடப்பெயர்வும் நமது வெளியேற்றமும் ஊர்களில் பிள்ளைகளின் தொகையைக் குறைத்துவிட்டன. வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளை வான் பிடித்து நகரப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகள் குறைய ஆசிரியர்களும் குறைகிறார்கள். இரண்டு வகுப்புகள் ஒன்றாகின்றன. அதைக் கண்டு இன்னும் சிலர் விலகுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளே. பள்ளி மூடப்பட்டால் அவர்களுக்கு வேறு வழி இல்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. அதிபர் தலைவராக இருப்பார். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் அதில் சேரலாம். முதலில் அவர்களிடம் தேவையைக் கேட்க வேண்டும். நாம் இங்கிருந்து தீர்மானித்து அனுப்பும் கணினிகள் திருத்த ஆளில்லாமல் பூட்டிய அறையில் கிடக்கக்கூடும். அவர்கள் கேட்பதோ மலசலகூடத்துக்குத் தண்ணீர், வாசிக்கக் கதைப்புத்தகங்கள், மாலை வகுப்பு எடுக்கும் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு சிறு கொடுப்பனவு என்பவையாக இருக்கலாம்.

இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. ஒரே ஊரைச் சேர்ந்த பத்துக் குடும்பங்கள் மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் போதும். ஆனால் அது இடையில் நிற்கக் கூடாது. உதவி சங்கத்தின் ஊடாகப் போக வேண்டும். கணக்கு பெற்றோர் முன் வாசிக்கப்பட வேண்டும். பெற்றோர் பேச்சில் கலந்துகொண்டால்தான் பள்ளி மீண்டும் ஊரின் பள்ளியாகும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கோயிலுக்கும் கல்லூரிக்கும் போவதுபோல் அந்தச் சின்னப் பள்ளிக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வோம். அதிபரோடு அரை மணி நேரம் இருந்து கதைப்போம். மிச்சம் அங்கிருந்து தொடங்கட்டும்.