அலைன்மென்ட்டுக்கு முன் உயரத்தை அளங்கள்!

காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் நெல் மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டிகளில், வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகும் முன் டயர் ஒரு பக்கமே தேய்வதுண்டு. வண்டியின் உயரத்தைப் பாருங்கள். அதிக பாரத்தால் தளர்ந்த ஸ்பிரிங், கடற்காற்றில் துருப்பிடித்து ஒடிந்த பட்டை இரண்டுமே வண்டியைத் தாழ்த்தும். சக்கரம் நிற்கும் கோணமும் மாறும்.

வீட்டிலேயே அளக்கலாம். பாரத்தை இறக்கி, டயர் காற்றைச் சரிசெய்து, சமதரையில் நிறுத்துங்கள். நான்கு மூலையையும் அழுத்தி விடுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, இடது வலது அளவை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாகவே தாழ்ந்திருக்கலாம். வண்டிக் கையேட்டில் உள்ள அளவையும் பாருங்கள்.

வித்தியாசம் இருந்தால் முதலில் ஸ்பிரிங் வேலை, பிறகே அலைன்மென்ட். இல்லாவிட்டால் கூலியும் வீண், புது டயரும் வீண்.