சீன பிளாஸ்டிக்குடன் மல்லுக்கட்டும் சென்னபட்டணம் பொம்மைகள்

புதுதில்லி: பெங்களூரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள சென்னபட்டணத்தில், வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிப் பொம்மைகள் செய்கின்றனர். புவிசார் குறியீடு பெற்ற இத்தொழிலைத் திணறடித்தவை மலிவு விலை சீனப் பொம்மைகள்.

பொம்மை இறக்குமதி வரியை மத்திய அரசு 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தியது. 2018-19-ல் சுமார் 37 கோடி டாலராக இருந்த இறக்குமதி, 2021-22-ல் 11 கோடி டாலராகக் குறைந்ததாக அரசு தெரிவித்தது.

2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமாக்கப்பட்டது. அது சீனப் பொம்மைகளோடு உள்ளூர்க் கைவினைஞரையும் முடக்கியிருக்கும். எனவே, பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீட்டுப் பொருள்களின் அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

வரி உயர்வால் போட்டியாளரின் விலை ஏறியது. ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்கும் மரப் பொம்மையின் அடக்கவிலை அதனால் குறையவில்லை.