குக்கர் விசிலுக்கு நடுங்கும் பிள்ளைக்கு மாத்திரையா, பயிற்சியா?

லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தின் மருத்துவ வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். பயம் அதிலேயே இருக்கிறது. வேக்குவம் கிளீனர், முட்டை அடிக்கும் கருவி, ஓடும் தண்ணீர், ஏன், காற்றுக்குக்கூட மிரண்ட பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். இன்றும் அந்தப் பயத்தை ‘ஆட்டிசம்னா அப்படித்தான்’ என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அல்லது அடம் என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்குத் தனியாகவே ஒரு பதற்றக் கோளாறு இருப்பதாக, 31 ஆய்வுகளைத் தொகுத்த 2011-ஆம் ஆண்டு அலசல் சொல்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. பயத்தைப் படிப்படியாகச் சந்திக்க வைப்பதுதான் இதன் உயிர்நாடி. குக்கர் விசில் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடும் சிறுவனுக்கு, முதலில் செல்போனில் பதிந்த விசிலை மிக மெதுவாக வைப்பார்கள், நிறுத்தும் பொத்தான் அவன் கையில். பிறகு வாசலில் நின்று கேட்பான், அப்புறம் கூடத்தில். அவன் ரயில் பைத்தியம் என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஸ்டேஷன் பெயர் வைப்பார்கள். பெற்றோரும் கூடவே பயிலவேண்டும், ஏனென்றால் மிச்சப் பயிற்சி வீட்டில்தான். ஒரு எச்சரிக்கை: ஒலி காதுக்கு உண்மையிலேயே வலிக்கிறதென்றால் பழக்கப்படுத்துகிறேன் என்று வதைக்கக் கூடாது, காதுமூடி கொடுப்பதே முறை.

இது பலிக்கிறதா? 7 முதல் 13 வயதுக்குட்பட்ட 167 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஆட்டிசத்துக்கென மாற்றியமைத்த சிபிடியில் 92 சதவீதம் பேர் தேறினார்கள்; பொதுவான சிபிடியில் சுமார் 80; வழக்கமான கவனிப்பில் 11 தான். ஆனால், அவர்கள் அறிவுத்திறன் குறைபாடு இல்லாத பிள்ளைகள். பேச்சே வராத பிள்ளைக்கும் இதே பலன் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பவேண்டாம்.

மாத்திரையின் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. ஃபுளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின் போன்றவற்றைப் பதற்றத்துக்கு எழுதித் தருகிறார்கள். ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளிடம் கிடைத்த பலனை நம்பித்தான் பெரும்பாலும். அதே வகையைச் சேர்ந்த சிட்டலோபிராமை, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைக்காக 149 பிள்ளைகளிடம் சோதித்தபோது (2009), வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை; துறுதுறுப்பும் தூக்கமின்மையும்தான் கூடின. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் என்ற வேறு இரு மருந்துகளுக்கு ஆட்டிசத்தில் அமெரிக்க மருந்து நிர்வாகம் தந்த அனுமதியும் எரிச்சலுக்கும் ஆக்ரோஷத்துக்கும்தான், பதற்றத்துக்கு அல்ல.

அதற்காக மருந்தே தப்பு என்பதில்லை. தூங்காமல், சாப்பிடாமல், வீட்டு வாசலைத் தாண்டாமல் கிடக்கும் பிள்ளைக்கு, பயிற்சியில் உட்காரும் அளவுக்காவது மருந்து தேவைப்படலாம். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டும் மருத்துவரிடம் போங்கள். முதல் சில வாரங்கள் நடத்தையை உற்றுப் பாருங்கள். ‘பரவாயில்லை, சரியாகிவிட்டது’ என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.