காது அடைப்பு என்று விட்டுவிடாதீர்கள்

2018 செப்டம்பரில் வந்த அந்தச் செய்தி மலேசியர்களைக் கலங்கடித்தது. ஒலிம்பிக்கில் மூன்று முறை வெள்ளி வென்ற பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வெய்க்கு மூக்குப் புற்றுநோய். தொடக்க நிலையிலேயே தெரிந்துவிட்டதால் தைவானில் புரோட்டான் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு மீண்டார்.

மூக்குப் புற்றுநோய் என்று சொன்னாலும், அது வளரும் இடம் மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சி. காதுக்குப் போகும் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது. அதனால் ஒரு பக்கக் காது அடைக்கும். சளியில் இரத்தம் தெரியும். கழுத்தில் வலியில்லாத கட்டி எழும்பும். மலேசியாவில் இது சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் அதிகம், இந்தியர்களிடம் குறைவு. 'நமக்கு வராது' என்ற நினைப்பு இங்கேதான் பிறக்கிறது. காதுக்குச் சொட்டு மருந்து, கட்டிக்கு எண்ணெய் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன.

ஏன் கதிர்வீச்சு?

மண்டையோட்டின் அடியில், கண் நரம்புக்கும் மூளைத் தண்டுக்கும் அருகே இருப்பதால் கத்தி எளிதில் போகாத இடம் அது. ஆனால் இந்தப் புற்றணுக்கள் கதிர்வீச்சுக்கு நன்றாகவே அடங்கும். முதல் நிலையில் சிகிச்சை பெறுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். நோய் முற்றியிருந்தால் சிஸ்பிளாட்டின் மருந்தும் சேரும்.

வழக்கமான கதிர்வீச்சு அளவு 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). வாரம் ஐந்து நாளாக, 33 முதல் 35 தடவைகளில், ஏறக்குறைய ஏழு வாரம். அதற்கு முன் பல் மருத்துவர் பற்களைச் சரிபார்ப்பார். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக்கை முகத்தில் படியவைத்து முகமூடி செய்வார்கள். தலை அசையாமல் கதிர் குறி தவறாமல் விழ, தினமும் அதை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். கதிர் படும்போது வலிக்காது.

வலி பிறகு வருகிறது. இரண்டு மூன்று வாரங்களில் வாய் புண்ணாகும், எச்சில் வற்றும், ரசம்கூட எரியும். குடும்பத்தின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. உடல் இளைத்தால் முகமூடி தளர்ந்து குறி மாறும். சிகிச்சை நாள்களைத் தவறவிட்டால் நோய் தலையெடுக்கக்கூடும். குழைந்த கஞ்சி, பால், அவித்த முட்டை, பருப்பில் ஊறிய தோசை என்று எப்படியாவது உடல் எடையைக் காக்க வேண்டும்.

இத்தனை வாரம் சிகிச்சைக்குப் போய்வர, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்குப் போக்குவரத்து ஒரு வரம். கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் நான்காவது நிறுத்தம் யுனிவர்சிட்டி. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அங்கிருந்து போகலாம். தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கும் புத்ராஜெயாவுக்கும் கேஎல் சென்ட்ரலிலிருந்தே ரயில் உண்டு.

சிகிச்சை முடிந்த பிறகும் கவனம் வேண்டும். எச்சில் முழுதாகத் திரும்பாமல் போகலாம். காதும் தைராய்டும் பாதிக்கப்படலாம். எத்தனை ஆண்டு கழித்துப் பல் பிடுங்க நேர்ந்தாலும், கதிர்வீச்சு எடுத்ததைப் பல் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

மூன்று வாரமாகியும் கழுத்துக் கட்டி கரையவில்லையா? ஒரு காது மட்டும் அடைத்தே கிடக்கிறதா? காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், மூக்கினுள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான் அது.